நட்ட ஸ்ப்ரூஸ் கன்றைக் கூன்வண்டு தின்னாமல் காப்பது எப்படி

தெற்கு ஸ்வீடனில் நாட்டுப்புறமாகப் பழைய வீடு வாங்கினால், பல சமயம் கொஞ்சம் காடும் அதோடு ஒட்டிக்கொண்டு வரும். எங்களுக்கு அப்படித்தான் வந்தது. வெக்ஷோ நகருக்கு வடக்கே ஆறு ஹெக்டேர். நம் கணக்கில் பதினைந்து ஏக்கர். அதில் ஒன்றரை ஹெக்டேரை முன்பிருந்தவர் அந்தக் குளிர்காலத்தில்தான் வெட்டி விற்றிருந்தார். மறுபடி நடுகிற வேலை எங்கள் பங்குக்கு வந்தது. இந்த நாட்டில் காட்டை வெட்டினால் திரும்ப உண்டாக்கியே ஆக வேண்டும். 1903-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்தே அது கட்டாயம். வெட்டிய ஆண்டுக்குப் பிறகு மூன்று ஆண்டுகளுக்குள் நடவு முடிந்திருக்க வேண்டும் என்பது இப்போதைய விதி.

எனக்குப் பேராவூரணிப் பக்கம். தென்னம்பிள்ளை வைத்துப் பழகிய கைக்கு, ஸ்ப்ரூஸ் என்கிற ஊசியிலை மரத்தின் இந்த ஒரு சாண் கன்று என்ன பெரிய வேலை என்று நினைத்தேன். மலிவாகக் கிடைத்த 3,000 கன்றுகளை மே மாதத்தில் ஊன்றினோம். நிலத்தைக் கிளறவில்லை, வண்டைத் தடுக்கக் கன்றின் தண்டில் பூசுகிற எந்தப் பூச்சும் இல்லை. ஜூன் கடைசிவரை எல்லாம் பச்சையாக நின்றன. ஆகஸ்டில் போய்ப் பார்த்தால் பத்துக்கு ஏழு செங்கல் நிறத்தில் காய்ந்து நின்றன. தண்ணீர் போதவில்லை என்றுதான் முதலில் நினைத்தேன். பக்கத்துப் பண்ணைக்காரர் வந்து ஒரு கன்றைப் பிடுங்கி, அடித்தண்டைக் காட்டினார். பட்டையே இல்லை. “தண்ணீர் இல்லை, தம்பி, மூக்கு வண்டு” என்றார். (அவர் சொன்ன ஸ்வீடிஷ் சொல்லுக்குத் ‘தம்பி’ என்பது என் மொழிபெயர்ப்பு, எழுபது தாண்டியவர் அந்தக் குரலில்தான் சொன்னார்.)

முதல் முறையாக ஸ்ப்ரூஸோ பைனோ நடப் போகிறவர்களுக்கு, நான் அப்புறம் கற்றுக்கொண்டதை வரிசையாக எழுதுகிறேன். இது தெற்கு ஸ்வீடனை வைத்து எழுதியது. இதே வண்டு பின்லாந்து, நார்வே, ஸ்காட்லாந்து, அயர்லாந்திலும் உண்டு. மருந்து விதிகளும் நடவு மாதங்களும் மட்டும் அங்கங்கே மாறும்.

முதலில் வண்டைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஸ்வீடிஷில் இதற்கு ஸ்னீட்பாகே என்று பெயர். அறிவியல் பெயர் ஹைலோபியஸ் அபியெட்டிஸ். நம்மூர்த் தென்னையில் விழும் சிவப்புக் கூன்வண்டின் உறவுக்காரன்தான். அதே வளைந்த நீண்ட மூக்கு. ஒரு சென்டிமீட்டர் நீளம், கரும்பழுப்பு உடம்பு, முதுகில் உதிரி உதிரியாக மஞ்சள் திட்டுகள். காய்ந்த பட்டைத் துண்டுக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. கையில் ஏறினால் எளிதில் விடாது, கால் நகத்தால் இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்.

எல்லாவற்றுக்கும் அடிப்படையான விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த வண்டு உங்கள் கன்றைத் தேடி வருவதில்லை. வெட்டிய மரத்தின் அடிக்கட்டையைத் தேடி வருகிறது. புதிதாக அறுத்த ஊசியிலை மரக் கட்டையிலிருந்து கிளம்பும் பிசின் மணமும், அது புளிக்கும்போது வரும் சாராய மணமும்தான் அதற்கு அழைப்பிதழ். மே, ஜூனில் வெயில் ஏறி வெப்பநிலை 18 டிகிரியைத் தாண்டினால் பறக்கத் தொடங்கும். பல கிலோமீட்டர் தள்ளியிருந்தும் வரும். வந்து, அடிக்கட்டையின் வேர்களில் முட்டையிடும். புழு அங்கேயே வேர்ப்பட்டைக்கு அடியில் ஓராண்டுக்கு மேல் வளரும். கன்றுக்குள் அது முட்டையிடுவதே இல்லை. வெட்டிய நிலத்தில் சுற்றிக்கொண்டிருக்கும் நேரத்தில் பசிக்குத் தின்ன மென்மையான பட்டை வேண்டும்; நாம் வரிசையாக நட்டு வைத்திருக்கிறோம், தின்கிறது. அவ்வளவுதான்.

ஒரு ஹெக்டேர் புது வெட்டு நிலத்துக்குப் பத்தாயிரத்துக்கும் மேல் வண்டுகள் வந்து சேரலாம். நாம் நடுவதோ ஹெக்டேருக்கு 2,000 முதல் 2,500 கன்று. ஒரு கன்றுக்கு நாலு வண்டு. இதை மனதில் வைத்துக்கொண்டால், பொறுக்கி எடுத்துக் கொன்றுவிடலாம் என்ற யோசனை தானாகவே போய்விடும்.

இன்னொரு விஷயம் நடவுக்கு நேரடியாக உதவும். வந்து இறங்கி முட்டையிடத் தொடங்கியதும் வண்டின் பறக்கும் தசைகள் சுருங்கிவிடுகின்றன. மிச்சக் கோடை முழுவதும் அது நடந்துதான் இரை தேடும். நடந்து வருகிறவனைத் தடுக்கத் தரை நம் கையில் இருக்கிறது.

எப்போது நடுவது

குளிர்காலத்தில் வெட்டிய நிலம் என்று வைத்துக்கொள்வோம். அடுத்த மே, ஜூனில் வண்டு வந்து இறங்கும். கோடை முழுக்கத் தின்னும். இரண்டாம் ஆண்டில் பழைய வண்டுகளில் பலவும் உயிரோடுதான் இருக்கும், ஏனென்றால் இது சில ஆண்டுகள் வாழக்கூடியது. அந்த ஆண்டு ஆகஸ்ட், செப்டம்பர் வாக்கில் அடிக்கட்டையிலிருந்து புதுத் தலைமுறை பசியோடு வெளியே வரும். குளிருக்கு மண்ணுக்குள் போகும் முன் ஒரு கட்டு கட்டும். மூன்றாம் ஆண்டு வசந்தத்தில் எழுந்து இன்னொரு முறை தின்றுவிட்டு, வேறு புது வெட்டு நிலத்தைத் தேடிப் பறந்துபோகும். வடக்கே போகப் போகக் குளிரால் இந்தச் சுற்று இழுத்துக்கொண்டே போகும்.

அப்படியானால் மூன்று ஆண்டு காத்திருந்து நட்டால் என்ன? பழைய காலத்தில் அப்படித்தான் செய்தார்கள், இன்றும் செய்பவர்கள் உண்டு. வண்டுத் தொல்லை நிஜமாகவே குறையும். ஆனால் தெற்கில் மண் வளமானது. மூன்று ஆண்டில் புல் இடுப்புவரை வந்துவிடும். புல்லுக்குள் நட்ட கன்றுக்கு வெளிச்சமும் நீரும் பற்றாது, வயல் எலி வேறு கூடு கட்டியிருக்கும். மூன்று ஆண்டு வளர்ச்சியும் போச்சு. சட்டக் கெடுவும் நெருங்கிவிடும்.

என் யோசனை இது: வெட்டிய ஆண்டின் இலையுதிர் காலத்தில் மண்ணைக் கிளறி வையுங்கள். அடுத்த ஆண்டு ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் பூச்சுள்ள கன்றை நடுங்கள். நிலம் காலி ஆவதற்கும் புல் ஏறுவதற்கும் நடுவில் கிடைக்கிற இடைவெளி அது. பூச்சில்லாத கன்றுதான் கைவசம் என்றால் மட்டும் காத்திருப்பது புத்திசாலித்தனம்.

மண் வேலைதான் பாதி வேலை

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். நான் இழந்த இரண்டாயிரத்துச் சொச்சம் கன்றுகளில் பெரும்பகுதி இங்கேதான் போனது.

ஸ்வீடிஷ் காட்டுத் தரையின் மேலடுக்கு ஊசியிலை மக்கு, பாசி, வேர்ப்பின்னல் எல்லாம் சேர்ந்த மெத்தை. கால் வைத்தால் அமுங்கும். அதற்குக் கீழே சாம்பல் நிறத்திலோ துரு நிறத்திலோ, மக்கு கலக்காத மணல்சாரி அடிமண். மெத்தையில் கூன்வண்டு சொந்த வீடு போல நடமாடும்; நிழல் உண்டு, ஈரம் உண்டு, ஒளிய இடம் உண்டு. வெறும் அடிமண்ணில் அதற்கு இருப்புக் கொள்ளாது. நிற்காமல் விறுவிறுவென்று கடந்து போய்விடும். வழியில் கன்று இருந்தாலும் நின்று தின்ன மனம் வராது. ஏன் என்று சொல்ல நான் பூச்சியியல்காரன் இல்லை, ஆனால் ஸ்வீடிஷ் வேளாண் அறிவியல் பல்கலைக்கழகம் பல ஆண்டுகளாகச் செய்த சோதனைகளில் திரும்பத் திரும்ப வந்தது இதுதான். எங்கள் பகுதியில் ஆசா என்ற இடத்தில் அவர்களுடைய ஆய்வுக்காடு இருக்கிறது.

ஆகவே ஒவ்வொரு கன்றைச் சுற்றியும் எல்லாப் பக்கமும் குறைந்தது ஒரு சாண் சுத்தமான அடிமண் தெரிய வேண்டும். ‘சுத்தமான’ என்பதை அழுத்திச் சொல்கிறேன். மேல் மெத்தையைக் கிளறிவிட்டு, மக்கும் மணலும் கலந்த கறுப்புக் கலவையில் நட்டால் பலன் பெரும்பாலும் போய்விடும். ஒரு பிடி மக்கு, ஒரு பாசித்துண்டு, இரண்டு குச்சி கன்றின் காலடியில் கிடந்தால் வண்டுக்கு அது சத்திரம். பகலில் வெயிலுக்கு அதன் அடியில் படுத்திருந்து, மாலையில் எழுந்து தண்டைத் தின்னும்.

இதைச் செய்ய மூன்று வழிகள். ஒன்று, டிராக்டர் போன்ற வண்டியின் பின்னால் சுழலும் தட்டுகளைக் கட்டி நீள நீளமாகச் சால் இழுப்பது. பெரிய நிலத்துக்கு அது மலிவு. இரண்டு, பொக்லைன் கொண்டு மேடு போடுவது: வாளியால் மெத்தையை அப்படியே தோண்டிக் கவிழ்த்து, அதன்மேல் அடிமண் வரும்படி குவித்து, வாளியின் முதுகால் ஒரு தட்டு. சின்ன நிலத்துக்கும் ஈரமான இடத்துக்கும் எனக்குப் பிடித்தது இதுதான். மேட்டின் உச்சியில் நட்டால் வேர் சூடாக இருக்கும், தண்ணீர் தேங்காது, வண்டும் மணல் சரிவு ஏறி வர வேண்டும். மூன்று, மண்வெட்டி. ஐந்நூறு கன்றுக்குள் என்றால் தாராளமாகக் கையால் செய்யலாம்: அரை மீட்டர் சதுரத்துக்கு மெத்தையைச் சீவி எடுத்து, தள்ளிக் கவிழ்த்துப் போட வேண்டும். நம்மூர் மண்வெட்டியின் கோணம் இதற்குத் தோதாக இருக்கும். இங்கே கிடைப்பது பிடி நீளமானது, இரண்டு நாளில் பழகிவிடும்.

பொக்லைன் ஓட்டுபவரிடம் வேலை கொடுத்தால் முதல் இருபது மேட்டுக்குக் கூடவே நில்லுங்கள். வாளி ஆழமாக இறங்காவிட்டால் மேட்டின் மேல் மக்குதான் இருக்கும். கையில் கொஞ்சம் எடுத்துத் தேய்த்துப் பாருங்கள். விரல் கறுத்துப் பிசுபிசுத்தால் அது மக்கு. நறநறவென்று உதிர்ந்தால் அடிமண்.

கிளறிய பலன் நிரந்தரமில்லை. இரண்டு கோடையில் புல்லும் பாசியும் ஓரத்திலிருந்து ஏறிவிடும். அதனால்தான் கிளறிய அடுத்த வசந்தத்திலேயே நடச் சொல்கிறேன். கிளறிவிட்டு ‘பார்த்துக்கொள்ளலாம்’ என்று ஓராண்டு விட்டால், கட்டிய காசில் பாதி புல்லுக்குப் போகும்.

எந்தக் கன்றை வாங்குவது

ஸ்வீடனில் ஆண்டுக்குச் சுமார் 40 கோடி காட்டுக் கன்றுகள் விற்பனையாகின்றன. நாற்றுப்பண்ணையில் முன்பதிவு செய்ய வேண்டும். வசந்தத்தில் போய் நின்றால் மிச்சம் மீதிதான் கிடைக்கும். கேட்க வேண்டியவை இரண்டு: தண்டு எவ்வளவு தடிமன், பூச்சு என்ன.

தடிமன் ஏன் என்றால், வண்டு கன்றைக் கொல்வது பட்டையைத் தண்டைச் சுற்றி முழு வளையமாகத் தின்னும்போதுதான். ஒரு பக்கம் மட்டும் தின்றால் கன்று பிசின் விட்டு மூடி ஆற்றிக்கொள்ளும். மூன்று மில்லிமீட்டர்த் தண்டைச் சுற்றித் தின்ன அதற்கு அதிக நேரம் ஆகாது. வேர்க்கழுத்தில், அதாவது தண்டும் வேரும் சேருமிடத்தில், பத்து, பன்னிரண்டு மில்லிமீட்டர் தாண்டிய கன்றை வளையமிடுவது அதற்குப் பெரிய வேலை. உயரமான ஒல்லிக் கன்றைவிடக் குட்டையான தடித்த கன்று எவ்வளவோ மேல். கடையில் ஒரு தட்டுக் கன்றைப் பார்க்கும்போது கண் தானாக உயரத்துக்குத்தான் போகும். கீழே பாருங்கள்.

பூச்சுக் கதை சுவாரசியமானது. 1950-களில் இங்கே கன்றுகளை டிடிடி பூச்சிமருந்தில் முக்கி நட்டார்கள். 1975-இல் காட்டுக்கும் அது தடையானது. அப்புறம் பெர்மெத்ரின் வந்தது. 2003-ஓடு அதற்கும் முடிவு. பின்பு வந்த நியோனிகோட்டினாய்டு வகைப் பூச்சிமருந்துகளில் மூன்றைத் திறந்தவெளியில் பயன்படுத்த 2018-இல் ஐரோப்பிய ஒன்றியம் தடை போட்டது. இப்படி ஒவ்வொரு மருந்தும் போகப் போக, மருந்தே இல்லாத பூச்சுகள் வளர்ந்தன. உப்சாலா நகரின் யோரான் நூர்லாந்தர் என்ற பூச்சியியல் பேராசிரியரும் அவர் குழுவும் உருவாக்கிய கான்னிஃப்ளெக்ஸ் அதில் பேர்போனது. பசை போன்ற ஒரு பூச்சில் 0.2 மில்லிமீட்டர் அளவுள்ள நுண்மணலைப் பதித்து, தண்டின் கீழ்ப்பாதிக்குச் சற்று மேல்வரை பூசிவிடுகிறார்கள். வண்டு கடித்தால் வாயில் மணல். பசை வளைந்து கொடுப்பதால் தண்டு பருக்கும்போதும் கூடவே விரியும்.

இதை முதலில் கேட்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. காண்டாமிருக வண்டுக்கு எங்கள் தோப்பில் வேப்பங்கொட்டைத் தூளை இரண்டு பங்கு மணலோடு கலந்து குருத்து மட்டை இடுக்கில் போடுவோம். வண்டுக்கு மணல் ஆகாது என்பது பேராவூரணிக்கும் உப்சாலாவுக்கும் பொதுவான ஞானம் போலிருக்கிறது.

மணல் பூச்சு தவிர உருக்கிய மெழுகைத் தண்டில் பூசுவதும் உண்டு. ஏகோவாக்ஸ் அந்த வகை. கேம்பிகார்ட் என்று மணலில்லாத நெகிழ்பூச்சும் கிடைக்கிறது. எது சிறந்தது என்று ஆளாளுக்கு ஒன்று சொல்வார்கள். நான் பார்ப்பது பெயரை அல்ல, அந்தப் பெட்டிக் கன்றை. பத்துக் கன்றை எடுத்துச் சுழற்றிப் பாருங்கள். பூச்சு நாலு பக்கமும் இருக்கிறதா, அடியில் வேர்க்கழுத்துவரை இறங்கியிருக்கிறதா, வளைத்தால் வெடிக்கிறதா? ஒரு பக்கம் கோடு போல இடைவெளி இருந்தால் வண்டு சரியாக அந்தக் கோட்டில்தான் தின்னும். பத்தில் மூன்று அப்படி இருந்தால் பெட்டியைத் திருப்பிக் கொடுக்கலாம், கூச்சப்பட வேண்டாம்.

மருந்து தோய்த்த கன்று வேண்டுமென்றால், அந்த ஆண்டு எது அனுமதியில் இருக்கிறது என்று ஸ்வீடனின் ரசாயன முகமையின் பதிவேட்டில் பார்த்துக்கொள்ளுங்கள். கையுறை இல்லாமல் தொடாதீர்கள். சின்ன நிலத்துக்கு எனக்கு அது தேவைப்படவில்லை.

நடும் நாள்

பெட்டியைத் திறந்ததும் கன்றுகளை நிழலில் வையுங்கள். உறையறையில் இருந்து வந்த கன்று என்றால் பெட்டியிலேயே மெல்ல உருக விட வேண்டும். வெயிலில் வைத்து அவசரப்படுத்தினால் வேருக்கு முன் ஊசியிலை விழித்துக்கொள்ளும். வேர்க்கட்டி காய்ந்துபோன கன்றால் பிசின் விட முடியாது. பிசின்தான் அதற்கு இருக்கிற ஒரே ஆயுதம்.

கருவி பொட்டிப்புட்கி. பின்லாந்துக்காரர்கள் கண்டுபிடித்த நடவுக் குழாய். பெயரைக் கேட்டுப் பொட்டி எங்கே என்று தேடாதீர்கள். பின்னிஷில் ‘பொட்டி’ என்பது கன்று வளரும் சின்னத் தொட்டி, ‘புட்கி’ என்பது குழாய். குழாயின் மூக்கை மண்ணில் குத்தி, மிதியை மிதித்தால் மூக்கு விரியும். மேலே கன்றைப் போட்டால் வழுக்கிக்கொண்டு குழிக்குள் இறங்கும். குழாயை எடுத்துவிட்டுக் குதிகாலால் பக்கத்தில் ஓர் அழுத்து. குனியவே வேண்டாம். நாற்று நடுகிற நம் பெண்களுக்கு இது ஐம்பது ஆண்டுக்கு முன்பே கிடைத்திருக்கலாம் என்று நடும்போதெல்லாம் நினைப்பேன்.

இடம் தேர்ந்தெடுப்பதில்தான் புதியவர்கள் கோட்டை விடுகிறார்கள். இரண்டு மீட்டர் இடைவெளி என்று சொல்லிக் கொடுத்ததும், அளந்த இடத்திலேயே குத்த வேண்டும் என்று கை துடிக்கும். அளந்த இடத்தில் மக்கு இருந்து, அரை மீட்டர் தள்ளி நல்ல அடிமண் இருந்தால் அரை மீட்டர் தள்ளியே நடுங்கள். சராசரி சரியாக வந்தால் போதும்.

ஆழம் கவனம். பூச்சின் கீழ்விளிம்பு மண்ணுக்குள் ஓரிரு விரற்கடை போய்விட வேண்டும். பூச்சுக்கும் மண்ணுக்கும் நடுவே வெறும் தண்டு தெரிந்தால், காவல் போட்டுவிட்டு வாசலைத் திறந்து வைத்த கதைதான். மேட்டில் நடும்போது மழையில் மண் கொஞ்சம் இறங்கும் என்பதையும் கணக்கில் எடுத்து இன்னும் சற்று ஆழமாகவே வையுங்கள். நட்டு முடித்ததும், காலால் இழுபட்டு வந்த மக்கு, குச்சி, பாசி எதுவும் கன்றைத் தொட்டுக்கொண்டிருந்தால் பூட்ஸ் முனையால் தள்ளிவிடுங்கள். ஒரு கன்றுக்கு இரண்டு நொடி. நீளமான புல்லோ கிளையோ கன்றின்மேல் சாய்ந்திருந்தால் அது ஏணி. வண்டு அதன் வழியே பூச்சுக்கு மேலே நேராக ஏறிவிடும்.

நிழல் மரம்

மரம் வெட்டும் முடிவே உங்களுடையது என்றால் எல்லாவற்றையும் மொட்டையடிக்காமல் ஹெக்டேருக்கு எண்பது, நூறு நல்ல பைன் மரங்களை விட்டு வைக்கலாம். அவற்றின் கீழ் நட்ட கன்றில் வண்டுச் சேதம் குறைவு. தின்ன வேறு பட்டையும் அதற்குக் கிடைக்கிறது. ஸ்ப்ரூஸை இப்படித் தனியாக விடாதீர்கள், வேர் மேலாக ஓடுவதால் காற்றில் சாயும். 2005 ஜனவரியில் கூட்ருன் புயல் ஒரே இரவில் தெற்கு ஸ்வீடனில் சுமார் 7.5 கோடி கன மீட்டர் மரத்தைச் சாய்த்ததை இங்கே இன்றும் பேசுவார்கள். சாய்ந்த மரமும் புது அடிக்கட்டையும் வண்டுக்குத் திருவிழா.

போய்ப் பாருங்கள், குனிந்து பாருங்கள்

நட்டு ஒரு மாதம் கழித்து, ஜூன் கடைசியில் முதல் சோதனை. ஆகஸ்ட் கடைசியில் இரண்டாவது. அடுத்த மே, அடுத்த செப்டம்பர், அதற்கடுத்த மே. நின்றபடி பார்த்தால் ஒன்றும் தெரியாது. பட்டை முழுக்கப் போன கன்றுகூடப் பல வாரம் பச்சையாகவே நிற்கும். சிவக்கும்போது எல்லாம் முடிந்திருக்கும். என் முதல் ஜூனில் நான் ஏமாந்தது இதில்தான். காட்டோரம் நின்று, இடுப்பில் கை வைத்து, ‘ஆகா, பிடித்துவிட்டது’ என்று படம் எடுத்து ஊருக்கு அனுப்பினேன்.

மண்டியிட்டு, கீழ் ஊசியிலைகளை விரலால் விலக்குங்கள். வண்டு தின்ற இடம் தெளிவாகத் தெரியும்: மிளகு அளவிலிருந்து விரல்நகம் அளவுவரை, ஒழுங்கில்லாத பள்ளங்கள். ஓரம் பிசிறாக இருக்கும், நடுவில் வெள்ளையாகக் கட்டை தெரியும். காயம் புதிது என்றால் பிசின் கண்ணாடிச் சொட்டாக நிற்கும். பழையது என்றால் வெல்லப்பாகு காய்ந்த மாதிரி வெளுத்துக் கட்டியாக ஒட்டியிருக்கும். தண்டைச் சுற்றி எத்தனை பங்கு போயிருக்கிறது என்று பாருங்கள். பாதிக்குக் கீழ் என்றால் பெரும்பாலும் பிழைக்கும். காலடி மண்ணை விரலால் கிளறினால் சில சமயம் குற்றவாளியே கிடைப்பார்.

எல்லாக் காயத்தையும் வண்டின் தலையில் கட்டிவிடாதீர்கள். இரட்டைப் பல் தடம் வரிவரியாக இருந்தால் எலி. நுனி கடித்துப் போயிருந்தால் மான். ஊசியிலை விளிம்பு மட்டும் ரம்பம் போல அரித்திருந்தால் வேறு சின்னக் கூன்வண்டுகள், அதனால் கன்று சாவது அபூர்வம். தண்டில் காயமே இல்லாமல் கன்று வாடினால் பிடுங்கிப் பாருங்கள். மண்ணுக்குக் கீழே வேர்க்கழுத்தில் பட்டை போயிருந்தால், அது கறுப்பு நிறத்தில் நாலு மில்லிமீட்டர் நீளமுள்ள ஸ்ப்ரூஸ் பட்டைவண்டாக இருக்கலாம். தண்டுப் பூச்சு அதைத் தடுக்காது. நல்ல அடிமண் மேடும் சற்றுப் பொறுத்து நடுவதும்தான் அதற்கு வழி.

எண்ணிக்கைக்கு ஒரு எளிய முறை. 5.64 மீட்டர் நீளத்துக்கு ஒரு கயிறு வெட்டிக்கொள்ளுங்கள். நிலத்தில் ஓரிடத்தில் குச்சி நட்டு, கயிற்றின் ஒரு நுனியை அதில் கட்டி, மறு நுனியைப் பிடித்துச் சுற்றி வந்தால் அந்த வட்டம் சரியாக 100 சதுர மீட்டர். உள்ளே உயிரோடு நிற்கும் கன்றை எண்ணி நூறால் பெருக்கினால் ஒரு ஹெக்டேர்க் கணக்கு வந்துவிடும். நிலத்தின் பல மூலைகளில் எட்டு, பத்து வட்டம் போட்டுச் சராசரி எடுங்கள். குச்சியைக் கண்ணை மூடிக்கொண்டு எறிந்து விழுந்த இடத்தில் நடுவது நல்லது; இல்லாவிட்டால் கால் தானாகவே நல்ல கன்று நிற்கும் இடத்துக்குப் போகும்.

வட்டத்துக்கு இருபது நட்டு, பதினைந்துக்குக் கீழ் வந்தால் இடைநடவு, அதாவது செத்த கன்றுகளின் இடத்தில் மறுபடி நடுவது, பற்றி யோசியுங்கள். அதை அடுத்த வசந்தத்திலேயே, இருப்பதிலேயே தடித்த பூச்சுக் கன்றாக வைத்துச் செய்துவிட வேண்டும். தாமதித்தால் முதல் கன்று முந்திக்கொண்டு இடைநட்டதை நிழலில் அமுக்கிவிடும்.

வண்டு எவ்வளவு இருக்கிறது என்று அறியப் பழைய பொறி ஒன்று உண்டு. புதிதாக உரித்த பைன் பட்டையை, உள்பக்கம் கீழே இருக்கும்படி மண்ணில் கவிழ்த்து, மேலே கல் வையுங்கள். இரண்டு நாள் கழித்துத் தூக்கிப் பார்த்தால் அடியில் கூட்டமாகத் தின்றுகொண்டிருக்கும். ஒரு பட்டைக்கு அடியில் ஏழெட்டு இருந்தால் கன்றுகளை வாரம் ஒரு முறை பாருங்கள். பொறி வைத்தே ஒழித்துவிடலாம் என்று நானும் ஒரு கோடை முழுக்க வாளியோடு அலைந்தேன். வாளி நிறைந்தது, சேதம் குறையவில்லை. எண்ணத்தான் அந்தப் பொறி.

அயர்லாந்திலும் பிரிட்டனிலும் அடிக்கட்டைக்கு நூற்புழு என்கிற நுண்ணிய புழுவை நீரில் கலந்து ஊற்றும் முறை இருக்கிறது. ஒரு கட்டைக்கு 35 லட்சம் நூற்புழு என்பது கணக்கு. அவை வேர்ப்பட்டைக்கு அடியில் இருக்கும் வண்டுப் புழுவைத் தேடிப்போய்க் கொல்லும். அதற்கான இயந்திரமும் நீரும் சின்ன நிலக்காரர் கைக்கு எட்டாது. வேப்பெண்ணெய், பூண்டுக் கரைசல், சாம்பல் எல்லாம் நான் தெளித்துப் பார்த்தேன். முதல் மழையோடு சரி.

எப்போது நிறுத்தலாம்

இரண்டாவது முறை நடும்போது பொக்லைன் மேடு, மணல் பூச்சு, ஆழ நடவு மூன்றையும் சேர்த்துச் செய்தோம். முதல் கோடை முடிவில் வட்டத்துக்கு இருபதில் பதினெட்டு நின்றது. குனிந்து பார்த்தால் காயங்கள் இருக்கத்தான் செய்தன, பெரும்பாலும் பூச்சுக்கு மேலே சின்னச் சின்னதாக. பூச்சோ மேடோ ஒன்றை மட்டும் நம்பி நட்டவர்களின் நிலங்களை அக்கம்பக்கத்தில் பார்த்திருக்கிறேன். பாதி பாதி என்றுதான் வந்தது.

மூன்றாம் வசந்தத்துச் சோதனையில் வேர்க்கழுத்தை விரலோடு ஒப்பிட்டுப் பாருங்கள். உங்கள் சுண்டுவிரல் தடிமனுக்கு வந்த கன்றுக்கு இனி வண்டுக் கவலை வேண்டாம். வராத கன்றுகளைச் சுற்றி மட்டும் புல்லை மிதித்துப் படுக்க வைத்துவிட்டு, செப்டம்பரில் அவற்றை மட்டும் ஒரு முறை போய்ப் பார்த்தால் போதும்.